ஐந்தாம் எண் வீடு

எங்கள் வீட்டு முன்சுவரில் ஐந்து என்று எழுதிய வட்டத் தகட்டை அடிக்க இரண்டு பேர் வந்தபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பழைய கட்டிடங்கள் மீது அக்கறை கொண்ட சிலர் ஊரில் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். மூடிப்போன நூல் மில்லைச் சுற்றி எட்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தோடு நடந்து பார்க்க ஒரு பாதை போட்டிருக்கிறோம், அதில் உங்கள் வீடும் வருகிறது, தகடு அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நான் சிவகங்கை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சரி, அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

காரைக்குடியைத் தாண்டிச் சாக்கோட்டைப் பக்கம் வந்தால் அந்த மில்லின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. மெஷின்களையெல்லாம் எடைக்குப் போட்டு, நிலத்தை மனை மனையாக விற்றபோது, காம்பவுண்டுக்குள் இருந்த ஓட்டு வீடு ஒன்றை நாங்கள் வாங்கினோம். பதினாறு வருடம் ஆகிறது. நான் டவுனுக்குள் புது வீடாகப் பார்க்கலாம் என்றேன். என் மனைவிதான் இதுவே போதும் என்று ஒரே பிடியாக நின்றாள். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள். தண்ணீர் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஹாலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் மூன்று சின்ன மூக்குகள் தெரிந்தன. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று என் தலைக்கு மேலே பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அவர்களுடைய பெற்றோர் ஆளுக்கொரு தாளோடு நின்றார்கள். நான் இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அந்தத் தாளை அன்றைக்குத்தான் வாங்கிப் பார்த்தேன். எட்டு இடங்கள், ஒன்றரை மணி நேர நடை, நடுவில் தண்ணீர் குடிக்க ஓரிடம். ஐந்தாம் எண்ணுக்கு நேரே 'மேனேஜர் பங்களா' என்று போட்டிருந்தது. 'வெள்ளைக்கார மேனேஜருக்கு விசிறி இழுக்கக் கூரையில் மாட்டிய இரும்புக் கொக்கிகளை ஜன்னல் வழியே எண்ணுங்கள் பார்ப்போம்' என்று பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஹால் உத்தரங்களில் கொக்கிகள் உண்டு. ஒன்றில் மின்விசிறி தொங்குகிறது. மற்றவற்றை ஒட்டடை அடிக்கும்போதுதான் நான் கவனித்திருக்கிறேன்.

வாரா வாரம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கெட்ட மனிதர்கள் யாரும் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு பேப்பர் படிக்கிற ஒருவனை ஊரே எட்டிப் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. கனமான திரைச்சீலை ஒன்று வாங்கி மாட்டினேன். மறுவாரம் பார்த்தால் என் மனைவி அதை ஓரமாக ஒதுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். கேட்டதற்கு, வெளிச்சம் வரட்டும் என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, நெற்குப்பையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வெயிலில் வந்த குழந்தை விடாமல் அழுதது. அந்தப் பெண் வேப்பமரத்தடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பால் கொடுக்க மறைவான இடம் தேடுகிறாள் என்று என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "உள்ள வாங்க. உக்காந்து குடுத்துட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டாள். அவர்கள் உள்ளே வந்தார்கள். அந்தப் பெண்ணை அறையில் உட்கார வைத்து, மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் காபி டம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றேன்.

பெண் பிள்ளைகள் இப்போது ஜன்னல் இல்லாமல், நேராக நின்று எண்ணினார்கள். பன்னிரண்டு. அப்பா தாளைப் பார்த்து, வெள்ளைக்காரருக்கு விசிறி இழுத்த கதையை அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"அது விசிறிக்கு இல்லீங்க" என்றாள் என் மனைவி. "தொட்டில் கட்டுறதுக்கு."

அவர் தாளை இன்னொரு தரம் பார்த்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள். மில்லில் வேலை பார்த்த பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற வீடு இது. கொக்கிக்கு ஒரு தொட்டில், பன்னிரண்டு தொட்டில். நடக்கிற பிள்ளைகளுக்குத் தரையில் பாய். பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. பால் கொடுக்கக் கால் மணி நேரம் விடுவார்கள், அதற்குச் சங்கு ஊதும். அம்மாக்கள் எல்லோரும் ஒன்றாக ஓடி வருவார்கள்.

"தலை, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையா இருக்கும். வாசல்ல நிக்கிறப்ப எல்லாரும் ஒண்ணுபோலத் தெரிவாக. எங்கம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. கூப்பிடுற குரலை வச்சுத்தான் போவேன்."

சின்னப் பெண், "நீங்க எந்தத் தொட்டில்?" என்று கேட்டாள்.

என் மனைவி ஜன்னல் பக்கம் இரண்டாவது கொக்கியைக் காட்டினாள். அதற்கு நேர் கீழேதான் என் நாற்காலி கிடந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவளுடைய அம்மா மில்லில் ரீலிங் பிரிவில், நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற வேலை பார்த்தவர் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்பின் தெரியாத நெற்குப்பைக்காரர்களோடு சேர்ந்துதான் நானும் அதை முதல்முறையாகக் கேட்டேன். கோபம் என்று சொல்ல முடியாது. காபி ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தேன்.

அவர்கள் போனபிறகு, ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா, சின்னப் பிள்ளையில படுத்துக்கெடந்த எடம்னு ஒரு வீட்டை வாங்குவாகளான்னு கேட்டிருப்பீக. கேட்டுட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது."

நான் கேட்டிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், அந்தப் பாதையை நடந்து பார்க்கலாமா என்று நானே கேட்டேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றாம் எண்ணான மில் கேட்டிலிருந்து தொடங்கினோம். கேட் கீப்பர் கூண்டு, சங்கு இருந்த கோபுரம், பஞ்சு கோடவுன் என்று வரிசையாகப் பார்த்தோம். முதலாளி குடும்பத்தின் பங்களா ஓட்டலாகிவிட்டது. அதன் வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் இருவர் பூப்போட்ட தரையைக் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கெல்லாம் அதிகம் நிற்கவில்லை. ரீலிங் கொட்டகை தாளில் இல்லை. கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றது, உள்ளே ஆளுயரத்துக்குக் கருவேலம் செடி. அதன் பக்கவாட்டுக் கதவருகே போய் நின்றாள். "இங்குட்டு இருந்துதான் ஓடி வருவாக" என்றாள்.

அங்கிருந்து வீடு வரை சாதாரண நடையில் நடந்தோம். ஏழு நிமிடம் ஆனது. ஓடி வந்தாலும் போக வர ஐந்தாறு நிமிடமாவது பிடித்திருக்கும். மிச்சமிருக்கிற நேரத்தில்தான் பிள்ளையைத் தேடி எடுத்து, பால் கொடுத்து, மறுபடி படுக்க வைக்க வேண்டும். இதை அவள் சொல்லவில்லை. நடக்கும்போது நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தாளில் இருப்பது தப்பு என்று குழுவுக்கு நான்தான் போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர், இன்னொருவர் கட்டிடக்கலை படித்த இளம்பெண். ஆசிரியர் மில்லின் பழைய ஆண்டு மலர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அதில் இந்த வீட்டின் படம் இருந்தது, அடியில் 'மேனேஜர் இல்லம்' என்று அச்சாகியும் இருந்தது. "அம்மா சொல்றதை நான் மறுக்கலை. ஆனா எழுத்துல ஏதாச்சும் வேணுமே" என்றார். என் மனைவியிடம் எழுத்து எதுவும் இல்லை. அவளுடைய அம்மா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன்.

அந்த இளம்பெண் பேசிக்கொண்டிருக்காமல் வீட்டைச் சுற்றி வந்தாள். கொக்கிகளுக்கு நடுவில் டேப் வைத்து அளந்தாள். பெரிய விசிறிக்கு இரண்டு மூன்று கொக்கி போதுமே, பன்னிரண்டு எதற்கு என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பின்கட்டுக்குப் போனவள் அங்கிருந்து எங்களைக் கூப்பிட்டாள். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டியும், அதன் மேல் வரிசையாக நான்கு குழாய்களும் இருக்கின்றன. முதுகு வளையக் குனிந்து வாளியை நிரப்பும் ஒவ்வொரு நாளும், இதைக் கட்டிய கொத்தனாரை நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

"சார், எந்த மேனேஜர் இவ்வளவு குனிஞ்சு கை கழுவுவாரு?" என்றாள் அந்தப் பெண்.

ஆசிரியர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். குழாய் அவர் நெஞ்சளவில் இருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருகிப் பார்த்தார். மலரில் இருப்பது மில் தொடங்கிய புதிதில் எடுத்த படம், பிற்பாடு மேனேஜருக்கு வேறு பங்களா கட்டிக் கொடுத்துவிட்டு இதைப் பிள்ளைகளுக்கு விட்டிருப்பார்கள், இரண்டும் சரியாகத்தான் இருக்கும் என்றார். எழுந்து நின்று என் மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் பதறிப்போய்த் தானும் கும்பிட்டாள்.

புதுத் தாள் தைப்பொங்கலுக்குப் பிறகு அச்சாகி வந்தது. முதலில் மேனேஜர் இல்லம், பின்னர் மில் பெண் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வீடு என்று போட்டிருந்தார்கள். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காக" என்றாள். ரீலிங் கொட்டகையையும் சேர்த்ததில் இடங்கள் ஒன்பதாகிவிட்டன. அங்கே கருவேலத்தை வெட்டி ஒற்றையடிப்பாதை போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எங்கள் கதவு திறந்துதான் இருக்கும். பேட்டி கொடுக்கிற மாதிரியெல்லாம் அவள் பேசுவதில்லை. கேட்டால் சொல்வாள். நான் சட்டை போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறேன்.

போன மாதம் ஒக்கூரிலிருந்து அக்கா தங்கை இருவர் வந்தார்கள். இரண்டு பேருமே இந்த ஹாலில் கிடந்தவர்கள். ஆயா பிள்ளைகளை அடிப்பார் என்றாள் அக்கா. அடிக்கவே மாட்டார், அதட்டத்தான் செய்வார் என்றாள் என் மனைவி. தங்கைக்கு ஆயாவின் முகமே ஞாபகமில்லை, அவர் போட்டிருந்த வெற்றிலை வாசம் மட்டும்தான் இருக்கிறதாம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு, மூன்று பேரில் யாரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியாததால், நான் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.