கூடக் கொடுத்த ஒரு மணித்தியாலம்

நவம்பர் பிறந்தால் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஓர் அறிவித்தல் ஒட்டுவார்கள். சிரிக்கிற சூரியன் ஒன்றைக் கீறி, இந்த ஞாயிறு ஒரு மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளுங்கள் என்று எழுதியிருப்பார்கள். மார்ச்சில் மணிக்கூட்டை முன்னால் தள்ளி எங்களிடம் பறித்ததை நவம்பரில் பின்னால் இழுத்துத் திருப்பித் தந்துவிட்டு, ஏதோ தானம் கொடுத்த மாதிரிப் பல்லைக் காட்டுகிறார்கள். வெளிச்சத்தைச் சேமிக்கிறார்களாம், மண்ணாங்கட்டி. பின்னேரம் ஐந்து மணிக்கே எங்கள் பகுதி டோர்செட் பார்க் கும்மிருட்டில் கிடக்கிறது. இந்த விசர் வேலையை நிறுத்த ஒன்ராரியோவில் சட்டமும் எழுதி வைத்திருக்கிறார்கள். கியூபெக்கும் நியூயோர்க்கும் ஓமென்றால்தான் அது நடக்குமாம். பக்கத்து வீட்டுக்காரன் குளித்தால்தான் தானும் குளிப்பேன் என்கிற அரசாங்கத்தை என்னவென்று சொல்வது.

முன்பெல்லாம் நானும் எல்லோரையும் போல முணுமுணுத்துவிட்டு விடுகிற ஆள்தான். வீரக்குட்டி அண்ணைக்கு நடந்ததைக் கண்ணால் கண்டபிறகு அப்படி விட முடியவில்லை.

அவர் எங்கள் எதிர்க் கதவுக்காரர், மட்டக்களப்பு ஆள். பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைத்துப் பராமரிக்கிற வேலை பார்த்து ஓய்ந்தவர். வருடத்தில் இரண்டு தரம் ஏணி வைத்து ஏறி, வகுப்பு வகுப்பாக மணிக்கூட்டு முள்ளைத் திருப்பியதும் அவர்தான்.

"முள்ளத் திருப்பினா சூரியன் திரும்புமா, அன்ரனெற்? ஆருக்காக இந்தக் கூத்து?" என்று என்னிடம் கேட்பார்.

மார்ச்சில் மணிக்கூடு முன்னால் போன மறுநாள் திங்கட்கிழமையில் சின்னப் பிள்ளைகள் நித்திரை காணாமல் வந்து மேசையில் சத்தி எடுப்பார்களாம். அள்ளிக் கொட்டுவது இவர். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் சுளிப்பார். மற்றப்படி வாய் திறவாத மனிதர். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு அவருக்கென்று இருந்தது பிக்கரிங்கில் மகள் யதுஷா, ஊரில் தாய், தம்பி ஜனார்த்தனன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாய்க்குப் போன் எடுப்பதைப் பூசை மாதிரிச் செய்வார். நவம்பர் வந்ததும் அந்த அழைப்பு அங்கே ஒரு மணித்தியாலம் பிந்திப் போகும். "திரும்பவும் நேரத்த மாத்திட்டானுகளா மகன்?" என்பதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வியாம்.

அந்த அம்மா போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மூச்சு நின்று மோசம் போனார்.

அண்ணைக்கு அப்போது கண் ஒப்பரேஷன் செய்த புதிது. கண்ணுக்குள் வாயு விட்டிருந்தார்கள். அது கரையும்வரை பிளேன் ஏறக்கூடாது, ஏறினால் பார்வை போய்விடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "போனாப் போகட்டும்" என்று பாஸ்போட்டைத் தேடிய மனிதரை யதுஷா அழுது மறித்தாள்.

தாய்க்குக் கொள்ளி வைப்பது இளையவன். மூத்தவருக்கு மிஞ்சியது வாய்க்கரிசி மட்டும். நான் வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள், எங்களுக்கு அந்த முறை இல்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். ஊரில் பிரேதத்துக்கு நேரே போனைப் பிடிப்பார்கள். இங்கே பிள்ளை திரையில் முகத்தைப் பார்த்து ஒரு பிடி அரிசி எடுக்கும். அங்கே ஒருவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் பங்கை வாயில் போடுவார். போக வழியில்லாத சனம் கண்டுபிடித்த வழி அது. அண்ணைக்கு அந்த ஒரு பிடி போதுமாயிருந்தது.

ஞாயிறு நாலு மணிக்குப் பிரேதம் எடுப்பதென்று ஜனார்த்தனன் சொன்னார். யதுஷா வெள்ளியன்றே போனில் நேர வித்தியாசம் பார்த்தாள். அங்கே பின்னேரம் நாலு என்றால் இங்கே காலை ஆறரை. ஆறரைக்குத் தொடங்குகிற மாதிரி ஒரு வீடியோ லிங்க் செய்து எல்லோருக்கும் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அந்தக் கணக்குச் சரி. ஞாயிறு விடியமுன் இங்கே மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னால் போய்விட்டது. மட்டக்களப்பில் நாலு மணியானபோது இங்கே ஐந்தரைதான். இது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே மனுஷி பெட்டிக்குள் கிடந்தார்.

அன்று ஐந்து மணிக்கே நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். அண்ணை குளித்து, வேட்டி கட்டி, அணைந்து கிடந்த டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் அரிசித் தட்டு. இரவு முழுக்கத் துக்கம் விசாரித்தவர்களின் தொல்லை தாங்காமல், யதுஷா இரண்டு போனையும் சத்தம் அடைத்து அறைக்குள் சார்ஜில் போட்டிருந்தாள்.

"கொஞ்சம் ரெஸ்ற் எடுங்கோப்பா. வி ஹாவ் டைம்," என்றாள்.

"வேணாம் மகள். நான் இப்பிடியே இருக்கிறன்."

ஆறரைக்கு டீவியில் லிங்கைத் திறந்தாள். மறுபக்கம் ஒருவரும் இல்லை. லைன் பிழை என்று நினைத்தோம். போனை எடுக்க அறைக்குள் ஓடியவள் அங்கேயே நின்றுவிட்டாள். சித்தப்பாவிடமிருந்து தவறிய அழைப்புகள் திரை நிறையக் கிடந்தன. திரும்பத் திரும்ப அடித்து, ஏழு மணிக்குக் கிட்டத்தான் ஜனார்த்தனன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் கையில் கொடுத்தாள். பின்னால் மழை கொட்டுகிற சத்தம்.

"எங்க அண்ணன் போனீங்க? நாலு மணிக்கே லிங்குக்குள்ள வந்து நிண்டம். இன்னும் தொடங்கல்ல, காத்திருங்க எண்டே காட்டிச்சு. போன் அடிச்சம், ஒருத்தரும் எடுக்கல்ல. மழையும் இருட்டிக்கொண்டு வந்திட்டு. ஏலுமான மட்டும் பாத்தம். இப்ப கொள்ளி வெச்சாச்சு அண்ணன்."

அப்போதுதான் யதுஷாவுக்கு அந்த ஒரு மணித்தியாலம் உறைத்தது. எனக்கும்தான். மணிக்கூட்டைத் திருப்பச் சொல்லிக் கையெழுத்து வைத்தவன் எவனோ, அவனை வாய் நிறையத் திட்டினேன். வேதக்காரி சொல்லக்கூடாத வார்த்தைகள் எல்லாம் வந்தன.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்தினார்.

"வாய்க்கரிசி?"

"எல்லாரும் போட்டம்."

"எனக்கு ஆர் போட்டது?"

"ஒருத்தரும் போடல்ல அண்ணன். நீங்க வருவீங்க எண்டு உங்கட பங்க எடுத்து வெச்சிருந்தன். தூக்கிற அவசரத்தில மறந்திட்டன். இப்பயும் என்ட மடிக்குள்ளதான் கிடக்கு."

"சரி. மழைக்க நிக்காத. போய்த் தலையத் துடை," என்றார் அண்ணை.

போனை மகளிடம் கொடுத்தார். அவள் "சொரி அப்பா" என்று காலடியில் இருந்து விம்மினாள். அவர் அவள் தலையைத் தடவியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சரைக்கு நான் இதில முழிச்சுக்கொண்டுதானே இருந்தன், அன்ரனெற்."