ஆறாவது உறை

தாராவியில் சஃப்ரீனின் பட்டறையில் ஒட்டிய உறையைக் கையால் பிரித்தவர் இல்லை, கத்தரிக்கோல்தான் வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் சிப்ஸ் பாக்கெட்டுகளுக்குச் சூடு வைத்து ஒட்டிய கைகள் அவளுடையவை. சென்ற மழைக்காலத்தில் அவள் வேறொரு வேலைக்குத் துணிந்தாள்: படைக்கலக் கிடங்குகளில் தோட்டாப் பெட்டிகளைப் பொதிந்து வைக்கும் அலுமினியப் படல உறை. ஈரம் புகுந்தால் வெடிமருந்து கெட்டுவிடும்; ஆகையால் மும்பையின் மழைக்காற்றுகூட உள்ளே நுழையலாகாது.

மாதிரியாக ஆறு உறைகள் செம்பூர்ச் சோதனைக்கூடத்திற்குச் சென்றன. ஒவ்வொன்றினுள்ளும் ஈரங்காட்டும் அட்டை ஒன்று. நீலமாகவே இருந்தால் வெற்றி, இளஞ்சிவப்பானால் தோல்வி. தேறினால் பட்டறையின் எட்டுப் பேருக்கும் ஆண்டு முழுவதும் வேலை. தவறினால் இரண்டு ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க இயலாது.

பத்து நாள் நீராவி அறையில் கிடந்த உறைகளைச் சோதனை அதிகாரி திருவேங்கடம் ஒவ்வொன்றாக வெட்டினார். சஃப்ரீனும் அவளிடம் ஒட்டு வேலை பார்க்கும் இசக்கிதுரையும் பக்கத்தில் நின்றனர். ஐந்தும் நீலம். ஆறாவது, இளஞ்சிவப்பு.

சஃப்ரீன் அந்த அட்டையை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அறையெங்கும் கமகமவென்று ஒரு மணம் பரவியது.

"என்னம்மா, கல்யாண வீடு மாதிரி வாசனை?" என்றார் அதிகாரி.

இசக்கிதுரை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

"ஏல இசக்கி, என்னத்தல பண்ணித் தொலைச்ச?" என்றாள் சஃப்ரீன்.

"மொத சரக்கைப் பன்னீர் தெளிக்காம என்னைக்குக்கா அனுப்பிருக்கோம்? வெளிய தெளிச்சா லேபிள் நனைஞ்சிரும்லா... அதான் ஒண்ணுல மட்டும், உள்ள..."

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பத்து நாள் நீராவியில கிடந்தும் வாசனைகூட வெளியே வரலையே! ஒட்டுல குறையே இல்லம்மா. ஆனா ரூல்னா ரூல்தான். பேக்கிங் தப்புக்கு ஒரே ஒரு மறுசோதனை உண்டு. வேற உறை கொண்டாங்க."

மாற்று உறையைச் சஃப்ரீனே ஒட்டினாள். ஒட்டி முடியும்வரை இசக்கிதுரைக்கு வாசலில்தான் இடம். பதினோராம் நாள் திருவேங்கடம் அதை வெட்டி, அட்டையை எடுத்து, அவள் கையிலேயே வைத்தார்.

செம்பூர் நிலைய நடைமேடையிலிருந்து அவள் பட்டறைக்கு அழைத்தாள்.

"நீலம்லே!"

மறுமுனையில் ஏழு பேரும் ஒருசேரக் கூவிய கூச்சலில் அலைபேசியைக் காதிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. வந்த ரயில் அவளை ஏற்றாமலேயே சென்றது. அவளோ நடைமேடையில் நின்றபடி, யார் பார்க்கிறார்கள் என்றும் எண்ணாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.