கழற்றி வைத்த பின்சீட்டு

பதினெட்டு வயதில் எனக்கென்று ஒரு கார் இருந்தது. கே.ஜி.எஃப்.பில் அந்த வயதில் கார் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பினேன். விசாரித்துப் பார்த்ததில்லை, விசாரித்தால் இன்னொருவன் கிடைத்துவிடுவானோ என்று பயம். கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பேச்சுத் துணைக்காவது.

மாமா துபாய்க்குப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுப்போன பழைய சின்னக் கார் அது. சாதுவான வண்டி. மோட்டார் பத்திரிகைகளைப் பாராயணம் செய்து நான்தான் அதைக் கெடுத்தேன். ஸ்பிரிங்குகளை அறுக்கச் சொல்லித் தரையோடு தரையாக இறக்கினேன். சொம்பு நுழைகிற அளவுக்கு வாயகன்ற சைலன்சர் ஒன்றை மாட்டினேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று படித்த அன்றே பின்சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். அப்பா அதை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தார்.

அப்பா, மண் தள்ளும் ராட்சத வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். என் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தார்.

"நாங்க செய்யுற வண்டி மலையையே தள்ளும்டா. உன்னுது ஒரு ஹம்ப்பு தாண்டுமா?"

வேகத்தடைக்கு எங்கள் ஊரில் ஹம்ப் என்று பெயர். நான் மட்டும் இருந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அடிவயிறு உரசும்.

உட்காரத்தான் ஆளில்லை. ஊருக்குச் சோறு போட்ட தங்கச் சுரங்கம் மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் சிநேகிதர்கள் நாலு பேரும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவார்கள். சிலருக்கு வேலை, சிலருக்குக் காலேஜ். நான் மட்டும் உள்ளூர்க் காலேஜ். மத்தியானங்களில், இப்போது ஆள் இறங்காத சுரங்க ஷாஃப்ட்களைத் தாண்டி, சைலன்சர் சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டு ஓட்டுவேன். ஆடுகள்தான் திரும்பிப் பார்க்கும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: வண்டி நிறைய ஆட்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் ஒன்றாகக் கிடைத்தார்கள். பங்காருபேட்டைக்குப் போய்ப் பானிபூரி சாப்பிடுவதென்று முடிவானது. அங்கே பூரிக்கு ஊற்றும் தண்ணீர், நிறமே இல்லாமல், குடிதண்ணீர் மாதிரியே இருக்கும். விழுங்கிய பிறகுதான் காரம் தெரியும். காரை உறுமவிட்டு அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒருவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா இது, பின்னாடி சீட்டே காணோம்?"

"வெயிட்டக் கொறைச்சிருக்கேன்."

"எங்களையா?"

மூன்று பேர் பஸ்ஸுக்கு நிற்கப் போனார்கள். நாலாமவன், எங்களில் நெட்டையன், இரக்கப்பட்டு முன்சீட்டில் மடங்கி உட்கார்ந்தான். முதல் ஹம்ப்பிலேயே அடியில் கரகரவென்றது.

"கொஞ்சம் எறங்கேன், மச்சான்."

இறங்கினான். நான் தாண்டினேன். நடந்து வந்து ஏறிக்கொண்டான். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் இறங்கியவன் ஜன்னலில் கையூன்றி நின்றான்.

"நடக்கறதுக்கு இன்னாத்துக்குடா காரு?"

அதற்குள் மற்றவர்கள் ஏறிய பஸ் எங்களைப் பிடித்துவிட்டது. கை காட்டி நிறுத்தி அதில் ஏறிக்கொண்டான். வேகத்துக்கென்றே செய்த வண்டியில், பங்காருபேட்டை வரை அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். பஸ்ஸின் பின்கண்ணாடியில் நாலு முகங்கள் சிரித்துக்கொண்டே வந்தன. நானும் ஹாரன் அடித்தேன். ஒரு மாதிரி சேர்ந்துதான் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுவாரமே பின்சீட்டைத் திரும்ப மாட்டிவிடப் போனேன். அப்பா அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. "மேட்ச் முடியட்டும்டா," என்றார். அது டெஸ்ட் மேட்ச்.

ஒருவழியாக மேட்ச் டிராவானது. சீட்டை மாட்டி, ஷாம்பு போட்டுக்கூடத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட்டையனே வீட்டுக்கு வந்தான். காரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"சீட்டு மாட்டிட்டியா? நல்லதாப் போச்சு. டெய்லி ட்ரெய்ன்ல போய்னு வந்துனு ஒடம்பு தாங்கலடா. நாலு பேரும் பெங்களூர்ல ரூம் எடுத்துட்டோம். சாமானெல்லாம் ஸ்டேஷனுக்குப் போவணும்."

நாலு பேர் பாய், நாலு பேர் தலையணை, ஸ்டவ், பக்கெட்டுகள். முதல் முறையாக என் பின்சீட்டு நிறைந்தது. இடமில்லாத ஒரு பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு ஹம்ப்பிலும் நான் சொல்லாமலே பக்கெட்டோடு இறங்கினான், நடந்தான், ஏறினான். அப்படியும் பாய் தலையணையின் கனத்தில் உரசியது.

மாரிகுப்பத்தில் மற்ற மூவரும் காத்திருந்தார்கள். சாமானை ஏற்றினோம். ரயில் கிளம்பும்போது நெட்டையன் கதவில் நின்று கத்தினான்.

"ரூமுக்கு வாடா! கார்ல வராத, ட்ரெய்ன்ல வா, சீக்கிரம் வந்துடலாம்!"

"வரேன், வரேன்," என்றேன்.

திரும்பும்போது வண்டி எந்த ஹம்ப்பிலும் உரசவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் தாண்டியதும், யாரோ நடந்து வந்து ஏறப்போவது போல, சற்று நிறுத்திவிட்டுத்தான் எடுத்தேன்.