பாட்டரிக்கு விட்ட பாதி

எண்பதுகளில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தேன். லாரி, டிராக்டர், கல்யாண வீட்டு மைக்செட் என்று எல்லாப் பாட்டரியும் வரும். கூடவே ஒரே சண்டையும் வரும். பெட்டிமேல் எழுதியிருக்கிற அளவுக்கு ஓடவில்லையாம், சார்ஜை நான் முழுங்கிவிட்டேனாம். திருவேங்கடத்து மைக்செட்காரர் ஒருவர் வாசலில் நின்று ஊரையே கூட்டிவிடுவார். அவர் மைக்குக்கு வேலையே இல்லை.

பெட்டிமேல் இருக்கிற அளவு புதுப் பாட்டரிக்கு. நம் வெயிலுக்கும் நம் ரோட்டுக்கும் அது செல்லாது. போதாததற்கு, அடிமட்டம்வரை உறிஞ்சினால் உள்ளே தகடு கெட்டுப்போகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காது. "பாதி நமக்கு, பாதி பாட்டரிக்கு வே. அதைத் தொடாதேயும்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டவள் என் மனைவி மட்டும்தான்.

அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு, கோடையில் கூடிவிடும். ஒரு சித்திரையில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. நாளைக்கு வந்துவிடும் என்கிற பேச்சிலேயே நாட்கள் போயின. காற்றுப் படும்படி உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேன்களில் மாட்டுகிற சின்னக் காத்தாடி ஒன்று கடையில் கிடந்தது. அதைப் பாட்டரியோடு இணைத்து அவள் முகத்துக்கு நேரே வைத்தேன்.

"ஏட்டி, சுத்து குறைஞ்சா நிப்பாட்டிரு. அடிவரைக்கும் ஓடவிடாத" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான், வாயில் தானாக வந்தது.

"ராத்திரி பிள்ளை தூங்கவும் காத்து வேணும்லா. நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்றாள்.

பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாட்டரி கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன். தொட்டதும் தெரிந்துவிட்டது.

காத்தாடி ஓடவில்லை. பாட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. பையிலிருந்து சார்ஜ் அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்து, பாட்டரி மூடியைத் திறந்து, ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது. கண்ணாடிக் குழலுக்குள் மிதவை பச்சைக் கோட்டிலேயே நின்றது. பாதிகூடக் குறையவில்லை. மூடியைப் பழையபடி திருகிவிட்டுத்தான் வெளியே வந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

காத்தாடி ஓடியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அழுகையும் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று அவள் வீட்டார் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன். சடங்கெல்லாம் முடிந்ததும் கடையைத் திறந்தேன். பாதி பாட்டரிக்கு என்று மட்டும் அதன்பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது மின்சாரக் கார் வைத்திருக்கிறான். போன கோடையில் திருநெல்வேலியிலிருந்து ஊருக்கு அதில் வந்தோம். கம்பெனி சொன்ன தூரம் ஓடாது என்று வழியெல்லாம் புலம்பினான். "முழுசையும் எடுக்க விடமாட்டான்ப்பா. பாட்டரி கெட்டுரும்னு கொஞ்சத்த உள்ளயே பூட்டி வச்சிருக்கான்" என்று எனக்கே விளக்கினான். நான் உம் கொட்டினேன். தேவர்குளம் தாண்டியதும் சார்ஜ் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏசிய நிப்பாட்டிட்டா ஊரு போய்ச் சேந்துரலாம்" என்று கையை நீட்டினான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிப்பாட்டாதலே. ஓடட்டும். கார் நின்னா நடந்து போவோம்."