பெற்றோரில் யாராவது ஒருவர்

என் மகளின் கிரீன் கார்டில் இருக்கும் குழந்தைக்கு முன்பல் இரண்டும் இல்லை. கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு. போட்டோ எடுக்கப் போன அன்று அதை வைத்துவிட்டவள் நான்தான். அமெரிக்க அரசாங்கமே கண் போட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்கிற முன்ஜாக்கிரதை. அப்போது அவளுக்கு ஆறு வயது.

இப்போது பதினைந்து. என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். கார் ஓட்டிப் பழகுவதற்கான பெர்மிட் வாங்க அவளை லைசென்ஸ் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக் ஊரில் கார் ஓட்டத் தெரியாத பிள்ளைக்குத் தோழி வீடு, நீச்சல் வகுப்பு, லைப்ரரி எல்லாமே அம்மாவின் மனநிலையைப் பொறுத்தது. என் மனநிலையின் லட்சணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த பெர்மிட்டுக்காக அவள் மாதக் கணக்கில் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண்மணி கார்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார். கன்னத்தில் இருந்த மச்சம் எங்கே என்று கேட்டார். மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திருஷ்டி, கண்ணேறு, மை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, பதினான்கு வயது முடிந்ததுமே கைரேகை கொடுத்துக் கார்டைப் புதுப்பித்திருக்க வேண்டும், அதற்கு விண்ணப்பித்த காகிதத்தையாவது கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பக்கத்துக் கவுண்டரில் மகளின் வகுப்புத் தோழி பெர்மிட் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விதி எனக்குத் தெரியாததல்ல. அவளுக்குப் பதினான்கு ஆனபோதே கணவரிடம் சொன்னேன்.

"கார்டு பதினாறு வயசு வரைக்கும் வேலிட். அதுக்குள்ள சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணிடலாம். நாம ஆயிட்டா அவ தானா ஆயிடுவா. எதுக்கு ரெண்டு வேலை?" என்றார்.

பேச்சுக்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த 'அதுக்குள்ள'தான் வரவில்லை. விண்ணப்பிக்கும் தகுதி எங்களுக்கு அவளுடைய பதினோராவது வயதிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. எல்லாக் காரணத்துக்கும் கீழே இருந்தது ஒன்றே ஒன்று, தேசபக்தி.

அவருடைய தேசபக்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஜிப்பா போட்டுக்கொண்டு தமிழர்கள் கூடும் ஹாலுக்குப் போய்க் கொடியேற்றுவார். தேசிய கீதம் பாடும்போது கண் கலங்கும். "இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கறதுன்னா சும்மாவா? பெத்த தாயை விட்டுக் குடுக்கற மாதிரி" என்பார். அதே மனிதர் சென்னையில் இறங்கினால் பாட்டில் தண்ணீரில்தான் பல் தேய்ப்பார். மூன்றாம் நாளே "இந்த டிராஃபிக்ல மனுஷன் இருப்பானா" என்று புலம்ப ஆரம்பித்து, பத்தாம் நாள் பெட்டியைக் கட்டிவிடுவார். தாயை இவர் பார்த்துக்கொள்கிற அழகு அவ்வளவுதான்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, வராத குடியுரிமையை நம்பிக் கையிலிருந்த கார்டைக் கோட்டை விட்டோம். லைசென்ஸ் ஆபீசிலிருந்து திரும்பிய பிறகு மகள் ஒரு வாரம் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கார்டைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். எங்கள் வீட்டில் எல்லாப் படிவங்களையும் நான்தான் நிரப்புவேன். வருமான வரி, இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன் எதுவானாலும் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. இந்த நாட்டுக்கு நான் வந்ததே அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு, டிபெண்டண்ட் என்ற பட்டத்தோடுதான். இப்போது ஆபீசில் பதினோரு பேர் என் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார்கள். அது வேறு விஷயம்.

சில வாரங்கள் கழித்துக் கைரேகை கொடுக்கக் கூப்பிட்டார்கள். பதினான்கு தாண்டியவர்கள் தாங்களே கையெழுத்துப் போட வேண்டும். அவள் நிதானமாகப் போட்டாள். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது, "பொட்டு வெச்சு விடட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

திரும்பும்போது காரில் ஏறியதுமே நான் என் வழக்கமான பாட்டை எடுத்தேன்.

"உங்கப்பா மட்டும் ஒழுங்கா டயத்துக்கு அப்ளை பண்ணியிருந்தா, நமக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது. நாலு வருஷமா சொல்றேன். அந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே? உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சுன்னா அப்புறம் தானா கிடைக்கவும் கிடைக்காது. நீயே தனியா அப்ளை பண்ணிட்டு நிக்கணும்..."

அவள் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அம்மா, அட் லீஸ்ட் ஒன் பேரண்ட்னு போட்டிருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இந்த அளவு தமிழ் வருவதே அபூர்வம்.

"அதுக்கென்ன?"

"யூ ஆர் எ பேரண்ட்."

நான் காரைக் கிளப்பவில்லை. போனை வாங்கிப் படித்தேன். பெற்றோரில் யாராவது ஒருவர் குடியுரிமை பெற்றால் போதும். நான் ஆபீசில் அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடித்து மானத்தை வாங்குகிறவள். நாலு வருடமாக இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் விண்ணப்பித்தால்தான் எனக்கு, எனக்கு ஆனால்தான் அவளுக்கு என்று நானாகவே ஒரு சட்டம் இயற்றி வைத்திருந்தேன். அவரைத் திட்டுவதையே ஒரு வேலையாகச் செய்துவந்ததால், என் பங்கு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். கணவர் காபியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"சிட்டிசன்ஷிப்பா? நான்தான் இந்த வருஷம் யோசிக்கலாம்னு சொன்னேனே."

"நீங்க யோசிங்க. இது எனக்கு."

"எனக்கில்லாம உனக்கு மட்டும் எப்படி?" என்றார். கோபமெல்லாம் இல்லை. அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். நாலு நாள் முன்பு வரை நானும் இதையேதான் கேட்டிருப்பேன் என்பதால் அவரைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

முதல் பக்கத்தில் விண்ணப்பதாரரின் பெயரைக் கேட்டது. அடித்தேன். அடித்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். அவர் பெயர். முழுப் பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல்.

மகள் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அழிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைசி எழுத்தும் போகும் வரை விரலை எடுக்கவில்லை.