விற்றுத் தீர்ந்த புத்தகம்

பிளாவ் ஊரில் செனியாவின் கதை தெரியாதவர்கள் கிடையாது. அவளுக்கு வினையே அதுதான்.

மலைக் கிராமங்களுக்கு ஊசி போடப் போகும் நர்ஸ் அவள். ஒரு குளிர்காலத்தில் பனிச்சரிவு அவள் போன ஜீப்பை மூடிவிட்டது. ஓட்டுநர் ஹய்ரோ உள்ளேயே இறந்துபோனான். அவளை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அப்புறம் காப்பிக்கடைகள் கதையைக் கையில் எடுத்துக்கொண்டன. ஹய்ரோ தன் கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டுப் பாடிக்கொண்டே செத்தானாம். போகப்போக ஒரு ஓநாயும் வந்து சேர்ந்தது.

நடந்தது வேறு. ஹய்ரோ அழுதான், அவளும் அழுதாள். தூங்கிவிடக் கூடாதென்று ஒருவரையொருவர் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே கிடந்தார்கள். அவன் குரல் முதலில் நின்றது.

இதைத்தான் எழுதினாள். தலைநகரத்துப் பதிப்பாளர், "ஓநாய் எங்க?" என்று கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, சொந்தச் செலவில் அச்சடித்தாள்.

வாங்கத்தான் ஆளில்லை. சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தபோது, பக்கத்தில் பாலாடைக்கட்டி விற்றவள் அட்டையை மட்டும் தடவிப் பார்த்தாள்.

"எங்களுக்குத் தெரியாததையா எழுதிட்ட?"

"நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே."

"நீ சொல்லலன்னா என்ன, ஊரே சொல்லுதே."

எல்லாப் பிரதிகளையும் புத்தகக் கடைக்காரர் திரகோயேவிடம் போட்டுவிட்டு வந்தாள். வசந்தத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, உன் புத்தகம் மொத்தமும் போயிடுச்சு."

"யாரு வாங்குனா?"

அவர் இழுத்தார். "ஒரே ஆளுதான். நஃபியா."

நஃபியா ஹய்ரோவின் அக்கா. செனியா நேரே அவள் வீட்டுக்குப் போனாள். அடுப்புப் பக்கத்தில், விறகோடு விறகாகப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பாதி ஏற்கெனவே எரிந்துவிட்டிருந்தது.

"ஒரு பக்கமாவது படிச்சீங்களா அக்கா?"

"முழுசா படிச்சேன். அதனாலதான் மத்ததெல்லாம் வாங்குனேன்." நஃபியா நிமிரவில்லை. "அவன் கல்லறையில வீரன்னு வெட்டி வச்சிருக்கோம். நீயோ அவன் அம்மான்னு கூப்பிட்டு அழுதான்னு எழுதியிருக்க."

"அழுதாரே. நானும்தான் அழுதேன்."

"அப்ப நீ அழுதத எழுதுனதோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"அவர் பேசாம இருந்திருந்தா நான் தூங்கிச் செத்திருப்பேன் அக்கா. அவர் திட்டுனதுலதான் நான் பொழச்சேன். கோட்டுல இல்ல."

நஃபியா அடுப்புக் கதவைத் திறந்து இன்னொரு புத்தகத்தை உள்ளே தள்ளினாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததைச் செனியா பார்த்தாள்.

தெருவுக்கு வந்தபோது அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஊரிலேயே புத்தகத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தவள் ஒருத்தி, அவளே கொளுத்துகிறாள். அங்கேயே நின்று அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

"மறுபடியுமா?" என்றான் அச்சகத்துக்காரன். "அவ்வளவு கிராக்கியா?"

"ஆமா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அடிங்க."