மலைக்கார ஹம்முவின் ரொட்டிப் பலகை

இத்தோ முதன்முதலாக ஃபெஸ் நகரக் கோட்டைச் சுவருக்குள் வந்தபோது முதுகில் ஒன்று, கையில் ஒன்று, பாவாடையைப் பிடித்தபடி ஒன்று என மூன்று பிள்ளைகள். மலையில் மழை பொய்த்து ஆடுகள் போய்விட்டன. தோல் பட்டறையில் வேலை என்று இறங்கிப்போன புருஷன் ஹம்மு இரண்டரை வருஷமாக ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. முதுகிலிருந்த தித்தா பிறந்ததே அவனுக்குத் தெரியாது. அவனைக் கண்டுபிடிக்காவிட்டால் குளிர்காலத்தில் பிள்ளைகளின் வாயில் போட ஒன்றும் கிடையாது.

எங்கள் ஃபெஸ்ஸில் ஒன்பதாயிரம் சந்து என்பார்கள். நான் எண்ணியிருக்கிறேன், குறைத்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் சந்தில் இரண்டு குண்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை முழுக்க வெளியே விட்டாக வேண்டும். திரும்ப இழுக்க வீட்டுக்குத்தான் போவார். அப்படிப்பட்ட சந்துகளில் இத்தோ விடியலிலிருந்து அலைந்தாள். "வழி! வழி!" என்று கோவேறு கழுதை வரும்போதெல்லாம் பிள்ளைகளைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நிற்பாள். பட்டறைகளில் பதினோரு ஹம்மு இருந்தார்கள். ஒருவனும் அவளுடையவன் இல்லை. நண்பகலில் மூத்தவள் ஹாதா இனி நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்தாள். நடுவிலவன் மோஹா கால்சட்டையை நனைத்துவிட்டான்.

உட்கார்ந்த இடம் எங்கள் தெரு ரொட்டியடுப்பின் வாசல். வீட்டில் பிசைந்த மாவைத் தட்டிப் பலகையில் வைத்துக் கொடுப்போம். அடுப்புக்காரர் லஹ்சன் சுட்டுத் தருவார். மனிதர் முகம் அவருக்கு நிற்காது, ரொட்டியின் முகம் மறக்காது. என் ரொட்டியை ஒருமுறை புரட்டிப் பார்த்தே, நாத்தனாரோடு எனக்குச் சண்டை என்று சொன்னவர்.

"மாமா, மலைக்காரர் ஹம்முன்னு ஒருத்தர். இடது காது பாதிதான் இருக்கும்," என்று அவரிடம் கேட்டாள் இத்தோ.

"காதெல்லாம் எனக்குத் தெரியாது மகளே. மலைக்கார ஹம்மு பலகைன்னு ஒண்ணு தினம் வருது. அதோ, மூணாவது."

இத்தோ அழுதேவிட்டாள். "எந்திரிடி ஹாதா! அப்பா கிடைச்சிட்டாரு!"

பிறகுதான் பலகையைச் சரியாகப் பார்த்தாள். இரண்டு பெரிய ரொட்டி. பக்கத்தில் உள்ளங்கையளவு ஒரு குட்டி ரொட்டி. கடைசி மாவை அப்படித் தட்டுவது வீட்டுக் குழந்தைக்காக. தனி ஆணுக்கு யாரும் தட்டுவதில்லை.

"இந்தச் சின்னது எப்பலேருந்து வருது மாமா?"

"போன ரமலான்லேருந்து." லஹ்சன் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார். "என்னை இழுக்காதே தாயீ. நான் சுடுறவன்."

"இருந்தா இருக்கட்டும்," என்றாள் இத்தோ, தனக்குத்தானே. "இதுங்க வயித்துக்குப் போட்டா போதும்."

அதற்குள் மோஹா குட்டி ரொட்டியை எடுத்துக் கடித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து, இடுப்பில் குழந்தையோடு பலகையை எடுக்க வந்தாள் கன்ஸா. இருபது வயதிருக்கும்.

"எவ பெத்தது இது? எம்புள்ள ரொட்டில வாய வைக்குது!"

"உம்புள்ளைக்கு அண்ணன்," என்றாள் இத்தோ. "ஹம்மு எங்க?"

ரொட்டிக்கு நின்ற நாங்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றோம். கன்ஸா இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"உங்கிட்டதான் ஓடிட்டாருன்னு நெனச்சேன். செருப்பு விக்க டான்ஜியர் போறேன்னு போனவரு. மூணு மாசமாச்சு. உன்னத் தெனம் திட்டிட்டிருக்கேன். இன்னிக்கும் காலைல திட்டினேன்."

"அப்ப ரெண்டு பெரிய ரொட்டி யாருக்கு?"

"வந்தா பசியோட வருவாரேன்னு," என்றாள் கன்ஸா. குரல் இறங்கிப்போயிருந்தது.

மோஹா கடித்த மிச்சத்தை இத்தோ பிடுங்கிப் பலகையில் வைத்தாள். ஊருக்குத் திரும்பப் பேருந்துக்கும் வழியில்லை. கன்ஸா பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். திருப்பத்தில் நின்றாள்.

"ஒரே அறைதான், சொல்லிட்டேன். ஒரு வாரம். புள்ளைங்களத் தூக்கிட்டு வா."

ஒரு வாரம் பத்தொன்பது வருஷமானது. ஹம்மு வரவில்லை. ஒருத்தி கம்பளி அலசினாள், மற்றவள் அங்கிகளுக்கு நூலை முடிந்து பொத்தான் கட்டினாள். அந்த முதல் குளிரில் அவர்கள் உழைப்பு நாலு பிள்ளைகளில் மூன்றுக்குத்தான் எட்டியது. தித்தா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாள்.